பதினொரு வீட்டிலும் ஒரே பதில்

பையர் ஆடிட் வருகிறது என்றால் பனியன் கம்பெனிக்குக் கல்யாணக் களை வந்துவிடும். துணி வாங்குகிற வெளிநாட்டுக்காரன் ஆள் அனுப்பி, கம்பெனி ஒழுங்காக நடக்கிறதா, வேலைக்காரர்கள் நன்றாக இருக்கிறார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டு போகும் நாள் அது. கக்கூசில் சோப்பு இருக்கும். முதலுதவிப் பெட்டிக்குள் நிஜமாகவே பஞ்சு இருக்கும். தீயணைப்பு வாளிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, அது காய்வதற்குள் யாராவது ஒருத்தி சேலையைக் கொண்டுபோய் ஒட்டிக்கொள்வாள். வயசு குறைந்த பிள்ளைகளெல்லாம் அன்றைக்கு லீவு.

விஜயகுமாரி ஆறு வருஷமாகச் செக்கிங் மேசையில் நிற்பவள். தைத்து வரும் பனியனை ஒவ்வொன்றாகத் திருப்பி, ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல் பார்க்கிற வேலை. அதில் அவள் கெட்டிக்காரி. ஆனால் மேனேஜர் அவளை மெச்சியது ஆடிட்டில் பதில் சொல்லும் லட்சணத்துக்காகத்தான். ஆடிட்டர் முன்னால் யாரை உட்காரவைப்பது என்றால் முதல் பெயர் அவளுடையது.

"எத்தனை மணி நேரம்மா வேலை?"

"எட்டு மணி நேரமுங்க."

"ஓவர்டைம்?"

"நமக்கு இஷ்டமிருந்தாத்தானுங்க."

"ஏதாவது குறை இருக்கா? பயப்படாமச் சொல்லுங்க."

"ஒரு குறையும் இல்லீங்க. எல்லாம் நல்லபடியா நடக்குதுங்க."

முகத்தில் ஒரு சிரிப்பு வேறு. அவளைப் பொய்க்காரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் குன்னத்தூர் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஒருத்தி உள்ளதை உள்ளபடி சொன்னாள். ராத்திரி பதினொரு மணி வரை நிற்கிறோம், கால் வீங்கிப்போகிறது என்று புடவையைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டினாள். ஆர்டர் போயிற்று. ஒரே வாரத்தில் இருநூறு பேர் வேலையில்லாமல் ரோட்டில் நின்றார்கள். அவள் சொன்னது நிஜம்தான். அந்த நிஜம் அத்தனை பேர் சோற்றிலும் மண்ணைப் போட்டது. வாயைத் திறந்தால் கதவை மூடிவிடுவார்கள் என்பதை விஜயகுமாரி அன்றைக்குக் கற்றுக்கொண்டாள். நம்மில் யாராக இருந்தாலும் அதைத்தான் கற்றிருப்போம்.

அவளுக்கு ஒரே மகள், கவிப்பிரியா. பதினைந்து வயசு. சாமளாபுரத்தில் தறி ஓட்டிக்கொண்டிருந்த புருஷனுக்கு ஈரோட்டில் வேறு குடும்பம் ஆகிவிட்ட பிறகு, மகளைக் கையில் பிடித்துக்கொண்டு பெருமாநல்லூருக்கு வந்தவள் விஜயகுமாரி. வந்த இடத்தில் வருமானம் பத்தாமல் பிள்ளையின் படிப்பு எட்டாவதோடு நின்றது. கடைவீதிக்குப் பஸ்சில் போகிற தூரத்தில், ஆறு வீடுகள் வரிசையாக இருக்கும் காம்பவுண்டில் கடைசி வீடு. அம்மா காலை எட்டரைக்குப் போனால் ராத்திரி எட்டுக்கு வருவாள். மகள் வீட்டிலேயே உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து மூட்டையாக வரும் பனியன்களில் பிசிர் நூல் வெட்டுவாள். பேச்சுத்துணைக்குக் கத்தரி.

அப்படி இருக்கையில்தான் இணையப் பள்ளி வந்தது. பாதியில் நின்ற பிள்ளைகளுக்காக அரசாங்கம் அந்த வருஷம் சோதனையாக நடத்திப் பார்த்த திட்டம். பெருமாநல்லூரில் முஸ்தபாவின் பிரவுசிங் சென்டரில் மத்தியானம் மூன்று மணியிலிருந்து ஐந்து வரை. மெட்ராசில் டீச்சர் நடத்துவார், இங்கே கம்ப்யூட்டரில் தெரியும். ஆளுக்கொரு தடுப்பு, ஆளுக்கொரு ஹெட்போன். வருகிற மார்ச்சில் பத்தாவது பரீட்சை எழுதலாம், சென்டர் மூலமாகவே பெயர் அனுப்பிவிடுவார்கள். பதினொரு பிள்ளைகள் சேர்ந்தார்கள். கவிப்பிரியா ஒருநாள்கூட நின்றதில்லை. காய்ச்சல் என்றால்கூடத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு போனாள். அதைப் பார்க்கப் பார்க்க விஜயகுமாரிக்கு நெஞ்சு நிறைந்துபோகும். மகள் பத்தாவது முடித்துவிட்டால் செக்கிங் மேசைக்கு வரவேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஆடி மாசம் முஸ்தபா அவளை வழியில் நிறுத்தினார்.

"அக்கா, ஞாயித்துக்கெழம கவர்மெண்டுல இருந்து ஒருத்தரு வர்றாருங்க. இந்தப் பள்ளிக்கோடத்துக்கு ஆருக்கு என்ன செலவாகுதுன்னு ஊடு ஊடா வந்து கேப்பாராம். உள்ளதச் சொல்லீருங்க."

"ஆடிட்டுங்களா?"

"அப்பிடித்தான் வெச்சுக்குங்களேன்."

அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்கு ஒன்றும் கேட்கவேண்டியிருக்கவில்லை. உள்ளதைச் சொல்லுங்கள் என்று மேனேஜரும்தான் சொல்வார், ஆடிட்டர் பக்கத்தில் நிற்கும்போது.

சனிக்கிழமை பொழுதோடு அவள் சும்மா இருக்கவில்லை. மற்ற பத்து வீடுகளுக்கும் நடந்தாள். ஆடிக்காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்தது. முந்தானையை வாயில் கவ்விக்கொண்டு போனாள். கடைசியில் நாலைந்து அம்மாக்களைப் பக்கத்து வீட்டு வேலாத்தாளின் வாசலில் உட்காரவைத்துப் பாடமே நடத்திவிட்டாள். வேலாத்தாள் அவளோடு கம்பெனியில் வேலை செய்பவள், வயதில் மூத்தவள். அவள் மகளும் இணையப் பள்ளியில் இருந்தாள்.

"இங்க பாருங்க, கரண்டு போகுதான்னு கேப்பாங்க. போறதில்லீங்கன்னு சொல்லோணும். கைக்காசு செலவாகுதான்னா, ஒத்தப் பைசா இல்லீங்க. கொறை ஏதாச்சும் இருக்குதான்னா?"

"ஒரு கொறையும் இல்லீங்க. எல்லாம் நல்லபடியா நடக்குதுங்க" என்றார்கள் எல்லோரும். ஆடிட்டுக்கு உட்கார்ந்த வாய்கள்தானே, தடுமாற்றமே இல்லை.

"ஏன் விசயா, அப்பறம் தெனத்துக்கும் கரண்டு போயிப் புள்ளைக பாதிப் பாடத்துல எந்திரிச்சு வருதே, அது?" என்றாள் வேலாத்தாள்.

"அது அவியளுக்குத் தெரியாதுங்களாக்கா? தெரிஞ்சுக்கிட்டேதான் கேப்பாங்க. இத்தன செலவு ஆகுது, இத்தன கொறை இருக்குதுன்னு நம்ம வாயில வந்துச்சுன்னு வெய்யுங்க, அப்பறம் எதுக்கு இந்தப் பள்ளிக்கோடம்னு இழுத்து மூடீட்டுப் போயிருவாங்க. குன்னத்தூரு ரோட்டுல நடந்தது மறந்து போச்சுங்களா?"

யாருக்கும் மறக்கவில்லை. தலையாட்டினார்கள். விஜயகுமாரிக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

வந்தவர் பெயர் வெள்ளியங்கிரி. ஐம்பது வயசு இருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல், சட்டைப்பையில் இரண்டு பேனா. ஆடிட்டருக்கு உண்டான அத்தனை அங்க லட்சணமும் பொருந்தியிருந்தது. வேலாத்தாளிடம் இரவல் வாங்கி விஜயகுமாரி தன் வீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

"ஏனுங்கம்மா, பாப்பா படிப்புக்கு உங்க கையில இருந்து ஏதாச்சும் செலவாகுதுங்களா?"

"ஒத்தப் பைசா இல்லீங்க."

"பஸ்சுக்கு? நோட்டு, பிரிண்ட் எடுக்கறது?"

"இல்லீங்க."

"கரண்டு?"

"போறதே இல்லீங்க" என்று அவள் சொன்ன வாய் மூடவில்லை, தலைக்குமேல் மின்விசிறி மெதுவாகி நின்றது. வெள்ளியங்கிரி அண்ணாந்து பார்த்தார்.

"இன்னைக்குத்தானுங்க இப்பிடி. காத்துக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. நானு ஆரையும் புடிக்கறதுக்கு வரல. உள்ளத எழுதிக்கிட்டுப் போகத்தான் வந்திருக்கறன். பயப்படாமச் சொல்லுங்க."

இதுவும் பழகிய வார்த்தைதான். இந்த இடத்தில்தான் புதிதாக வந்த பெண்கள் மாட்டிக்கொள்வார்கள். விஜயகுமாரி மாட்டவில்லை. "ஒரு கொறையும் இல்லீங்க. எல்லாம் நல்லபடியா நடக்குதுங்க" என்று சிரித்தாள்.

அவர் கவிப்பிரியா பக்கம் திரும்பினார். "பாடமெல்லாம் எப்பிடி கண்ணு? உனக்கு ஏதாச்சும் சொல்லோணுமா?"

பிள்ளை மடியில் கிடந்த பனியனைத் தள்ளிவிட்டு வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா, "நல்லாப் புரியுதுங்க. டீச்சரு தங்கமானவிங்க" என்று முடித்துவிட்டாள். அவர் அதையும் எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்றைக்கு மத்தியானம் விஜயகுமாரி அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய் கூட ஒரு கரண்டி விட்டுப் பிசைந்து மகளுக்கு வைத்தாள். மகள் கையை வைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா அத்தனையும் பொய்யாச் சொன்ன?"

"உன்ர பள்ளிக்கோடம் நிக்கோணுமில்ல கண்ணு. அதுக்குத்தான். சோத்த உங்கு."

புரட்டாசி பிறந்ததும் முஸ்தபா சென்டர் கதவில் ஒரு காகிதம் ஒட்டினார். விஜயகுமாரி வேலை முடிந்து அந்தப் பக்கம் வந்தவள், நின்று படித்துப் பார்த்தாள். இணையப் பள்ளி இந்த மாதக் கடைசியோடு நிறுத்தப்படுகிறது என்று இருந்தது. இரண்டாந்தரம் படித்தாள். உள்ளே போனாள்.

"என்னுங்க இது?"

முஸ்தபா கோபக்காரர் இல்லை. கோபப்பட்டிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்கு மணிக்கு இத்தனைன்னு கவர்மெண்டு குடுக்குமுங்க. அத இப்பப் பாதியாக் கொறைச்சுட்டாங்க. ஆய்வுல, ஒரு ஊட்லயும் செலவே இல்ல, கரண்டே போறதில்ல, குடுக்கற காசே எச்சுன்னு முடிவாயிருச்சாம். பாதிக் காசுல எனக்கு நெட்டு பில்லு கட்டவே பத்தாதுங்க அக்கா. இனிமே நடத்த முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டன்."

"செலவு எச்சுன்னு சொன்னாத்தானுங்களே மூடுவாங்க?"

"இல்லீங்க அக்கா. ஜெனரேட்டர் வெச்சுக் குடுக்கறதுக்கும், புள்ளைகளுக்குப் பஸ் காசு குடுக்கறதுக்குந்தான் அந்த ஆளு கணக்கெடுக்க வந்தாரு. கரண்டு போயி விட்டுப்போன பாடத்த மறுக்கா போட்டுப் பாக்க, புள்ளைக கைக்காசு குடுத்துச்சல்லங்க? அதெல்லாம் திருப்பிக் குடுக்கறதா இருந்தாங்க."

விஜயகுமாரிக்குப் பொக்கென்று போய்விட்டது. அடுத்த சென்டர் எது என்று மட்டும் கேட்டாள். கோயமுத்தூர் என்றார்.

யாரும் அவளோடு சண்டைக்கு வரவில்லை. அவள் குழாயடிக்கு வந்தால் பேச்சு நின்றது. கம்பெனியில் மத்தியானச் சோற்றுக்கு உட்காரும்போது அவளுக்கு இரண்டு பக்கமும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். வேலாத்தாள் மட்டும் ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "நாங்க பாட்டுக்கு உள்ளதச் சொல்லீருப்பமே விசயா" என்றாள்.

அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டிருப்பாள். கவிப்பிரியா பேசுவதை நிறுத்தினதைத்தான் தாங்க முடியவில்லை. சோறு போட்டு வைப்பாள், தண்ணீர் மொண்டு வைப்பாள், பேச்சு மட்டும் கிடையாது. மூன்று வாரத்தில் அவள் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு வாக்கியம்: "தீவாளி கழிச்சு நானும் கம்பெனிக்கு வர்றன், மேனேஜர்கிட்டச் சொல்லீரு." அன்று விஜயகுமாரி குளிக்கிற அறைக்குள் போய் வாளியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். புருஷன் போனபோது அவள் தனியாக இல்லை, மகள் இருந்தாள். இப்போது அந்த மகள் பக்கத்திலேயே இருக்கிறாள், தான் தனியாக இருக்கிறோம் என்று நினைத்தபோது அவளுக்குப் பயமாகவே இருந்தது.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் பல்லடம் புறப்பட்டாள். வெள்ளியங்கிரி அங்கே ஒரு அலுவலகத்தில் உட்காருவதாக முஸ்தபா விசாரித்துச் சொல்லியிருந்தார். திருப்பூரில் பஸ் மாறினாள். தனியார் பஸ்காரன் பாட்டை அலறவிட்டுக்கொண்டு, மழையையும் பள்ளத்தையும் பொருட்படுத்தாமல் பறந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் கோழிப்பண்ணைக்கு வேலைக்குப் போகிறவள், எங்கே போறீங்க என்று கேட்டாள். ஆஸ்பத்திரிக்கு என்றாள் விஜயகுமாரி. பொய் அப்படிச் சுலபமாக வந்ததில் அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது.

வெள்ளியங்கிரிக்கு அவளை ஞாபகம் இருந்தது. "காத்துக்குக் கரண்டு போன ஊடுதானுங்களே" என்றார். உட்காரச் சொன்னார். அவள் உட்காரவில்லை.

"சார், அன்னைக்கு நானு சொன்னது அத்தனையும் பொய்யிங்க. மாத்தி எழுதோணுமுங்க."

"அறிக்கை மேல போயிருச்சுங்கம்மா."

"அதக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுத முடியாதுங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "பதினோரு ஊட்டுக்குப் போனனுங்க. பதினோரு ஊட்லயும் ஒரே பதிலு, வார்த்தை பிசகாம. அந்தச் சென்டர்க்காரரு சொல்லிக் குடுத்துட்டாராட்ட இருக்குதுன்னு நெனச்சன்."

"அய்யோ இல்லீங்க. அவரு உள்ளதச் சொல்லச் சொன்னாருங்க. நாந்தானுங்க ஊடு ஊடாப் போயிச் சொல்லிக் குடுத்தன்."

"எதுக்குங்கம்மா?"

சொன்னாள். பையர் ஆடிட்டைப் பற்றி, குன்னத்தூர் ரோட்டுக் கம்பெனியைப் பற்றி, ஃபைலோடு யார் வந்தாலும் தனக்கு வாயில் வருவது அந்தப் பதில்தான் என்பதைப் பற்றி. அவர் கேட்டுக்கொண்டே பேனாவின் மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தார்.

"ஒரே ஒரு ஊட்ல, ஒரே ஒரு கொறையச் சொல்லீருந்தாக்கூட, அத வெச்சு மத்த ஊட்லயும் இன்னொருக்கா கேட்டிருப்பனுங்க. என்ர கண்ணு முன்னால ஃபேன் நின்னுச்சு. ஆனா நானு பாத்தத எழுத அதுல எடமில்ல. நீங்க சொன்னதுக்குத்தான் எடம்."

"இப்பச் சொல்றனுங்க. இப்ப எழுதிக்குங்க."

சொல்ல ஆரம்பித்தாள். கரண்டு போன நாளின் பாடத்தை மறுபடி போட்டுப் பார்க்க மணிக்கு இருபது ரூபாய். பஸ்சுக்குப் போக ஒன்று, வர ஒன்று. பிள்ளை சேர்ந்த நாலாம் மாசம் ஹெட்போனில் ஒரு பக்கம் கேட்காமல் போய், கம்பெனியில் பதினோரு மணி டீயையும் பன்னையும் விட்டுவிட்டு மிச்சம் பிடித்துப் புதிது வாங்கியது. இரண்டு மணிக்குப் பிள்ளை கிளம்பிவிடுவதால் வெட்டாமல் நின்ற பிசிர் மூட்டைகளை ராத்திரி தான் உட்கார்ந்து வெட்டியது. ஆறு வருஷத்தில் ஃபைல் வைத்திருந்த ஒருவர் முன்னால் அவள் உள்ளதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் ஒரு வார்த்தை குறுக்கிடாமல் முழுக்கக் கேட்டார். ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

"எழுதிக்குங்க சார்."

"எழுதுனா அதுக்கொரு ஃபைல் வேணுமுங்கம்மா. ஃபைல மூடியாச்சு."

"மறுக்கா எப்பத் தொறப்பாங்க?"

"தெரியலீங்க" என்றார். பிறகு எழுந்து வாசல் வரை வந்து, மழை விடட்டும், இருந்து போங்கள் என்றார். அவள் இருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்று. மழை விட்டு வெறித்திருந்தது. கவிப்பிரியா பனியன் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பிசிர் வெட்டிக்கொண்டிருந்தாள். நனைந்து நின்ற அம்மாவைப் பார்த்தாள். எழுந்து துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள்.

"எங்க போயிட்டு வர்ற?"

மூன்று வாரத்தில் மகள் கேட்ட முதல் கேள்வி. விஜயகுமாரி துண்டைக் கையில் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"பல்லடம் போனங் கண்ணு. அந்தச் சாரப் பாத்து உள்ளதச் சொன்னன்."

"என்ன சொன்ன?"

"எல்லாத்தயுந்தான். கரண்டு போனது, இருவது ரூவா, ஹெட்போனு, பஸ்சு. ஒண்ணு விடல. என்னயத் திட்டக்கூட இல்ல அந்த மனுசன். ஆனா எழுதிக்க மாட்டேனுட்டாரு."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன கண்ணு இருக்குது? வேறென்ன செலவு பண்ணுன?"

கவிப்பிரியா ஒரு பனியனை முடித்து மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள். கத்தரி இரண்டு தரம் சத்தம் போட்டது.

"அந்த மிஸ்சுக்கு நானு ஆருன்னே தெரியாதும்மா. நம்ம சென்டரு மாதர எத்தனையோ சென்டரு. அத்தன பேருக்கும் ஒரே மிஸ். கேள்வி கேட்டா, பதில் தெரிஞ்சவங்க ஒரு பட்டனை அழுத்தோணும். நானு தெனமும் அழுத்துவன். எனக்குப் பதில் தெரியுமில்ல, அழுத்துவன். அவுங்க வேற ஆரயாச்சும் கூப்புடுவாங்க. கரூரு, ராமநாதபுரம்னு எங்கியோ இருக்கற புள்ளைகள. ஒரு வருசம் முச்சூடும் என்ர பேர ஒருக்காக்கூடக் கூப்புடல."

டீச்சர் தங்கமானவர் என்று தான் சொன்னதும், வெள்ளியங்கிரி அதை எழுதிக்கொண்டதும் விஜயகுமாரிக்கு நினைவுக்கு வந்தது. அன்றைக்குப் பிள்ளை திறந்த வாய் இதைச் சொல்லத்தானோ என்னவோ.

"அப்பறம் எதுக்குடா சாமி காய்ச்சல்ல எல்லாம் போன? அது நின்னு போச்சுன்னு எதுக்கு எங்கூடப் பேசாம இருந்த?"

"இன்னைக்குக் கூப்புடுவாங்களோன்னுதான் தெனமும் போனன்" என்றாள் கவிப்பிரியா. "மார்ச்சுக்குள்ள ஒருக்காவாச்சும் கூப்புட்டிருப்பாங்க."

வெளியே காம்பவுண்டில் யாரோ வாசலில் தேங்கிய மழைத் தண்ணீரைத் தள்ளிவிடும் சத்தம் கேட்டது. விஜயகுமாரி நகர்ந்து மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கண்ணு, சாமி என்று கூப்பிட்டே பழகிய நாக்கு. அதைத் திருப்பிப் போட்டு, பிள்ளையின் முழுப் பெயரையும் மெதுவாகச் சொன்னாள்.

"கவிப்பிரியா."

மகள் தலை நிமிரவில்லை.

"நீ கூப்புட்டா ஆச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த நூலை வெட்டினாள்.